ரவுண்ஹவுஸ் நோட்டீஸ் வந்தா அண்டைக்கே வாசியுங்கோ

ரொறன்ரோவில ஸ்காபுறோப் பக்கம் பழைய பங்களோ நிண்ட பெரிய காணியில எட்டுப் பத்து ரவுண்ஹவுஸ் (ஒட்டி ஒட்டி வரிசையாக் கட்டுற வீடு) கட்ட ஆராவது விண்ணப்பிச்சா ரோட்டு முழுக்க ஒரே கொதிப்புத்தான். நான் பிளானிங் வேலை செய்யிற ஆள், எங்கட சனம் என்னட்டை வாறது பெரும்பாலும் எல்லாம் முடிஞ்ச பிறகு. "கவுன்சில் ஓம் எண்டுட்டுது, அப்பீல் போடலாம்தானே" எண்டு கேப்பினம். ஏலாது. 2022 நவம்பரில வந்த ஒன்ராறியோ மாகாணச் சட்டம் பில் 23, கொமிற்றி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ற் (கட்டிட விதியில சின்ன விலக்குக் குடுக்கிற சிற்றிக் குழு) முடிவை அயலவர் அப்பீல் பண்ணுற உரிமையை எடுத்திட்டுது, 2024 ஜூனில பில் 185 சோனிங் மாத்தத்துக்கும் (ஒரு காணியில என்ன கட்டலாம் எண்ட விதியை மாத்திறது) அதைத்தான் செய்தது. கட்டுறவர் இப்பவும் அப்பீலுக்குப் போகலாம், பக்கத்து வீட்டுக்காரர் போகேலாது. எனக்கு இது நியாயமாப் படேல்லை, ஆனா சட்டம் இதுதான்.

அதால முடிவுக்கு முந்தி வாற பொதுக்கூட்டத்தை விட்டா வேற இடம் இல்லை. சோனிங் மாத்தமெண்டா 120 மீற்றருக்குள்ள இருக்கிறவைக்கு கூட்டத்துக்கு 20 நாளுக்கு முந்தி சிற்றி அறிவிக்கோணும், மைனர் வேரியன்ஸுக்கு (அந்த விதியில கேக்கிற சின்ன விலக்கு) 60 மீற்றர், 10 நாள்தான். விளம்பரக் கடதாசியோட சேத்து அந்தக் கடிதத்தை எறிஞ்சுபோடாதேங்கோ.

கூட்டத்தில போய் "வீட்டு விலை விழும், வாடகைக்காரர் வருவினம்" எண்டு கத்துறதால ஒண்டும் நடக்காது, ஆர் குடியிருக்கிறது எண்டு பாக்கிறது சோனிங்கின்ர வேலையே இல்லை, அதோட நாங்களும் வந்த புதுசில பேஸ்மென்றிலயும் ரவுண்ஹவுஸிலயும்தானே வாடகைக்கு இருந்தனாங்கள். அப்பிடிக் கத்துறதைக் கேக்க எனக்கு மனம் நோகும்.

மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும், பனியை எங்க குவிப்பினம், குப்பை லொறியும் தீயணைப்பு வண்டியும் உள்ளுக்குப் போய்த் திரும்புமோ, மூண்டாம் மாடி ஜன்னல் உங்கட பின்வளவைப் பாக்குதோ, இதுகளைக் கேளுங்கோ. 1.4 மீற்றர் உயரத்தில அளக்க 30 சென்ரிமீற்றரோ கூடவோ தடிப்புள்ள மரத்தை தனியார் காணியிலயும் பெர்மிற் இல்லாம வெட்டேலாது, உங்கட வேலியோரத்து மரத்தின்ர வேருக்கு என்ன பாதுகாப்பு எண்டும் கேக்கலாம். வரைபடமெல்லாம் சிற்றியின்ர வெப்சைற்றில விலாசத்தை அடிச்சாப் பாக்கலாம்.

ஒரு தெருவில கனபேர் பெட்டிசனில கையெழுத்து வைச்சும் ஒண்டும் அசையேல்லை. ஒரு அம்மா மட்டும் மழைக்குப் பிறகு தன்ர வளவில தண்ணி நிக்கிற படங்களைத் திகதி போட்டுக் குடுத்தா, பிறகுதான் கிரேடிங் பிளானை (நிலத்தின்ர ஏற்ற இறக்கத்தைக் காட்டுற வரைபடம்) திருத்திக் கீறச் சொன்னவை. நீங்களும் சொல்லுறதை எழுத்தில சிற்றி கிளார்க்குக்கு அனுப்புங்கோ, இங்கிலிஷ் கஷ்டமெண்டா பிள்ளையளைக் கொண்டு எழுதுவியுங்கோ, கவுன்சிலரின்ர ஒஃபீசுக்கும் ஒரு கொப்பி.