டியூனரில் பச்சை வந்தால் காந்தாரம் சேர்ந்துவிட்டதா?

இந்த மாதத்தில் பழுதுபார்க்க என்னிடம் வந்த நான்காவது வீணை இது. நல்ல பலாமரத்து வீணை, மேளம் கட்டி, அதாவது மெழுகில் மெட்டுகளை (விரல் அழுத்தும் உலோகக் கம்பிகளை) பதித்து, ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான்காவது மெட்டிலிருந்து ஒன்பதாவது மெட்டு வரை மெழுகு இளகி வழிந்து, மெட்டுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "காந்தாரம் 14 சென்ட் கம்மியா இருக்குன்னு டியூனர் ஆப் காட்டுச்சு சார். ஹேர் டிரையரால மெழுகைச் சூடு பண்ணி நாங்களே நகர்த்திப் பார்த்தோம்" என்றார் வீணை வாசிக்கும் பெண்ணின் அப்பா. பத்து நாளில் அவளுக்குப் பரீட்சை.

சென்ட் என்பது சுர இடைவெளியை அளக்கும் சிறு அலகு. அந்த 14 சென்ட் குறையே இல்லை. மேளம் கட்டியவர் யாரோ, நல்ல காது உள்ளவர். அந்தர காந்தாரத்தை (ச ரி க-வில் பெரிய 'க', நான்காவது மெட்டு) அது இருக்க வேண்டிய இடத்தில்தான் வைத்திருந்தார்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு விஷயத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ஷட்ஜம் (ச) முதல் அடுத்த மேல் ஷட்ஜம் வரை, 1200 சென்ட். போனில் இருக்கும் டியூனர் அதை 12 சமபங்காக வெட்டி, ஒவ்வொரு சுரத்துக்கும் 100 சென்ட் என்று வைத்திருக்கிறது. அதன் கணக்கில் அந்தர காந்தாரம் 400. ஷட்ஜத்தோடு இழைந்து நிற்கும் காந்தாரமோ 5க்கு 4 என்ற விகிதத்தில் வருவது, 386 சென்ட்டுக்கு ஒரு மயிரிழை மேலே. வித்தியாசம் 13.7. ஆப் காட்டிய "கம்மி" இதுதான். கருவி தப்பாக அளக்கவில்லை, வேறு ஒரு கணக்கோடு ஒப்பிட்டு அளக்கிறது. பியானோவுக்கு அந்தக் கணக்கு தேவை. எந்தச் சுரத்தையும் ஆதாரமாக வைத்து வாசிக்க வேண்டிய வாத்தியம் அது. ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம், அதன் பஞ்சமம் என்று 12 முறை ஏறிப் போனால் புறப்பட்ட ஷட்ஜத்தில் சரியாக வந்து சேராது, 23.46 சென்ட் மேலே போய் நிற்கும். அந்த மிச்சத்தை 12 பஞ்சமங்களிலும் இரண்டிரண்டு சென்ட்டாகக் கழித்துத்தான் பியானோவைச் சேர்க்கிறார்கள். நம் வீணையில் ஷட்ஜம் நகர்வதே இல்லை. அந்தச் சமரசம் இங்கே எதற்கு?

எண்களை நம்ப வேண்டாம், காதை நம்புங்கள். ஆண் குரலுக்கு ஒரு கட்டையில் (C சுருதியில்) தம்புராவைச் சேர்த்து, மந்தரத் தந்தியை (கீழ் ஷட்ஜத் தந்தியை) மட்டும் மீட்டிவிட்டுக் கண்ணை மூடுங்கள். ஜீவா (தந்திக்கு அடியில் செருகும் நூல்) சரியாக நின்றிருந்தால், கொஞ்ச நேரத்தில் யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் அதற்குள்ளிருந்து எழும். மந்தரத் தந்தியின் அதிர்வைப் போல ஐந்து மடங்கு அது, 327 ஹெர்ட்ஸ். ஆப் கேட்கும் காந்தாரம் 329.6. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் விநாடிக்கு இரண்டரைத் தடவைக்கு மேல் "வௌ வௌ" என்று அலையடிக்கும். மோகன ராகத்தில் காந்தாரத்தைப் பிடித்து நிற்கும்போது பின்னால் அந்த அலை ஓடினால் பாட்டு எப்படி உட்காரும்?

பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான். அதே ஒரு கட்டையில் நாலரை விநாடிக்கு ஒரு அலை. இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள் என்பார்கள். தம்புரா கேட்கும். அலை முழுவதும் அடங்கிய பிறகுதான் அது பாட ஆரம்பிக்கும். ஆப்பில் பச்சை வந்ததும் பிருடையை (தந்தியை முறுக்கும் ஆணியை) விட்டுவிடுகிறவர்கள் அதுவரை பொறுப்பதே இல்லை.

வீணையில் இன்னொன்றும் இருக்கிறது. தந்தியை இழுத்தால் சுரம் ஏறும், இறங்காது. காந்தார மெட்டு கொஞ்சம் கீழே இருந்தால் வாசிக்கும் விரல் அதை ஏற்றிக்கொள்ளும். குதிரைப் பக்கம் (தந்தியைத் தாங்கும் பாலத்தின் பக்கம்) அரை சென்டிமீட்டர் நகர்த்தி 400இல் வைத்துவிட்டால், அந்த மெட்டில் எந்த வித்வானாலும் கீழே கொண்டுவர முடியாது.

இரண்டாவது மெட்டு எங்கள் தொழிலில் தீராத வழக்கு. ஷட்ஜத்தில் சேர்க்கும் முதல் தந்தியான சாரணியில் அது சதுச்ருதி ரிஷபம் (பெரிய 'ரி'), 204 சென்ட். அதே மெட்டைப் பஞ்சமத் தந்தியில் அழுத்தினால் தைவதம் 906இல் விழும். காந்தாரத்தோடு இழையும் தைவதம் 884. நடுவே இருக்கும் 22 சென்ட் எந்த மெட்டு வைத்தாலும் போகாது. நான் ரிஷபத்தைக் காப்பாற்றுவேன். மந்தர தைவதத்தில் நிற்க வேண்டுமென்றால் முதல் மெட்டிலிருந்து இழுத்துப் பிடியுங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். இதை வேலைக் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இனி தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். ஆப் வைத்திருந்தால் ஆதார ஷட்ஜத்தை நிறுத்த மட்டும் பயன்படுத்துங்கள். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தம்புராவோடு சேருங்கள். மெட்டைச் சந்தேகிக்கும் முன் தந்தியைச் சந்தேகியுங்கள். துருப்பிடித்த தந்தி எந்த மெட்டிலும் பொய் சொல்லும். சோதிக்க வழி எளிது. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள், பிறகு அதே மெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே மேல் ஷட்ஜமாக இல்லையென்றால் முதலில் புதுத் தந்தி போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். அப்படியும் சேராவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள். வெயிலில் நிறுத்திய காரில் வீணையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், மெழுகு தாங்காது. ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி, மெழுகுவத்தி எதையும் மேளத்தின் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

அந்தப் பெண்ணின் வீணையில் ஆறு மெட்டுகளையும் எடுத்துவிட்டு, மெழுகைச் சுரண்டிப் புதிதாக வைக்க ஒரு நாள் முழுக்கப் போனது. நான்காவது மெட்டை உட்கார்த்தும்போது அவளையே தம்புரா மீட்டச் சொன்னேன். மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு எதிர்முனையான மேருப் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் அவள் மீட்டுவதை நிறுத்திவிட்டு, "இங்கதான் சார்" என்றாள். ஆப் அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தது.