இரண்டாவது மிட்டாய்க்குக் காத்திருந்த பிள்ளைகள்

நான்கு வயதுப் பிள்ளை ஒன்று தனி அறையில் உட்கார்ந்திருக்கிறது. எதிரே மேசையில் பஞ்சுபோல மெத்தென்ற மார்ஷ்மெல்லோ மிட்டாய். "நான் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் உனக்கு இரண்டு. முடியாவிட்டால் மணியை அடி, ஒன்று மட்டும் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் போய்விடுகிறார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பிங் மழலையர் பள்ளியில், 1960களின் பிற்பகுதியில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் தொடங்கிய சோதனை இது.

இதன் பின்கதையைப் பெற்றோர் கூட்டங்களிலோ தன்னம்பிக்கைப் பேச்சுகளிலோ கேட்டிருப்பீர்கள். பொறுத்திருந்த பிள்ளைகள் படிப்பில் முன்னேறினார்களாம், பொறுக்காதவர்கள் பின்தங்கினார்களாம். அதைக் கேட்டுவிட்டு, பண்டத்தைக் கண்டால் பாயும் தன் பிள்ளையை நினைத்துக் கலங்கிய தாய் தந்தையரும் இருப்பார்கள். அவர்களுக்காகவாவது இந்தக் கதைக்கு அடியில் இருக்கும் எண்ணைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும்.

அந்த எண்ணின் பெயர் ஒட்டுறவுக் கெழு. ஒரு வரைபடத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கோட்டில் பிள்ளை காத்திருந்த நேரம், செங்குத்துக் கோட்டில் பிற்காலத்தில் வாங்கிய மதிப்பெண். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி. புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் மேலேறிப் போனால் கெழு 1. அப்படியே கீழிறங்கினால் −1. இறைத்த அரிசிபோலத் திக்குக்கொன்றாகக் கிடந்தால் 0 பக்கத்தில். பிரான்சிஸ் கால்டனின் யோசனையை வைத்துக் கார்ல் பியர்சன் 1890களில் செப்பனிட்ட கணக்கு இது.

மிஷெலும் சக ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட கட்டுரையில், காத்திருந்த நேரத்துக்கும் கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வு மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு மொழிப்பகுதியில் 0.42, கணிதத்தில் 0.57. மனித நடத்தை பற்றிய ஆய்வில் 0.57 என்பது பெரிய எண். அதை அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 0.32. அதாவது, மதிப்பெண்களில் தெரியும் ஏற்றத்தாழ்வில் மூன்றில் ஒரு பங்கு, நான்கு வயதில் காத்திருந்த நேரத்தோடு சேர்ந்து நகர்கிறது. யாருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

ஆனால் இந்தக் கணக்குக்குள் வந்த பிள்ளைகள் வெறும் 35 பேர். அத்தனை சிறிய கூட்டத்தில் 0.57 கிடைத்தால், உண்மையான உறவு 0.29 முதல் 0.76 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது, நூற்றுக்கு 95 முறை உண்மையைப் பிடிக்கும்படி புள்ளியியலில் போடும் வழக்கமான கணக்கு. மிஷெல் குழுவினரே தங்கள் கட்டுரையில், கூட்டம் சிறியது, எண் மிகையாக இருக்கலாம் என்று எச்சரித்திருந்தார்கள். கதை ஊரைச் சுற்றியபோது எச்சரிக்கை மட்டும் கூட வரவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் படித்த பள்ளி. எல்லா வகை வீடுகளும் அதில் இல்லை.

2018இல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹவோனன் குவான் ஆகிய மூவரும் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவை எடுத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். தாய் கல்லூரிப் பட்டம் பெறாத வீடுகளின் 552 பிள்ளைகள்மேல் கவனம் வைத்தார்கள். 15 வயதில் எழுதிய கல்வித்திறன் சோதனையோடு காத்திருந்த நேரத்துக்கு இருந்த ஒட்டுறவு, பழைய ஆய்வில் சொன்னதில் பாதி அளவுதான். அப்புறம் குடும்பப் பின்னணி, சிறுவயது அறிவுத்திறன், வீட்டுச் சூழல் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்ததும், மிஞ்சியதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

கணக்கில் சேர்ப்பது என்றால் என்ன? பல்மாறிப் பகுப்பாய்வு என்று புள்ளியியலில் சொல்வதன் உயிர் இங்கேதான் இருக்கிறது. வீட்டு வசதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். வசதியை வைத்து, ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று முதலில் கணித்துக்கொள்கிறோம். உண்மையில் அது கணித்ததைவிட ஒரு நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தால், அந்த ஒரு நிமிடத்தை மட்டும் குறித்து வைக்கிறோம். மதிப்பெண்ணுக்கும் அதேபோல: வசதியை வைத்து எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய? இப்போது இந்த இரண்டு மிச்சங்களுக்கும் இடையே ஒட்டுறவு பார்க்கிறோம். வசதியால் விளக்க முடிந்த பங்கு இரண்டு பக்கமும் கழிந்துவிட்டது. இதுதான் பகுதி ஒட்டுறவு.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டால் விளங்கும். காத்திருப்புக்கும் மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு 0.30. வசதிக்கும் காத்திருப்புக்கும் 0.5, வசதிக்கும் மதிப்பெண்ணுக்கும் 0.5. கடைசி இரண்டையும் பெருக்கினால் 0.25. அதை 0.30இலிருந்து கழித்தால் 0.05. சூத்திரப்படி அதை 0.75ஆல் (1இலிருந்து 0.5இன் வர்க்கத்தைக் கழித்தது) வகுத்தால் சுமார் 0.07. முப்பதாகத் தெரிந்தது ஏழாகச் சுருங்கிவிட்டது! காத்திருப்பும் மதிப்பெண்ணும் ஒன்றையொன்று பிடித்து இழுக்காவிட்டாலும், வசதி இரண்டையும் ஒரே பக்கம் இழுத்தால் வரைபடத்தில் புள்ளிகள் அழகாக மேலேறும். வசதி என்ற ஒரு மாறிக்குப் பதில் பத்து, இருபது மாறிகளை ஒரே சமன்பாட்டில் வைத்து இதையே செய்வதுதான் பல்மாறித் தொடர்புப்போக்கு. கணினிக்கு இது நொடி வேலை.

கணினியால் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. எதை எதைக் கழிக்க வேண்டும் என்று அது சொல்லாது. இந்த இடத்தில்தான் எனக்கு 2018 ஆய்வின் முடிவையும் நிதானமாகப் படிக்கத் தோன்றுகிறது. சிறுவயது அறிவுத்திறனைக் கழித்தார்கள், சரி. ஆனால் பொறுமையும் அறிவுத்திறனும் அந்த வயதில் தனித்தனிச் செடிகளா? தன்னை அடக்கிக்கொள்ளத் தெரிந்த பிள்ளை சொல்வதைக் கவனித்துக் கேட்கிறது, கேட்பதால் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அறிவுத்திறனைக் கழிக்கும்போது, பொறுமை செய்த நன்மையிலும் ஒரு பங்கைச் சேர்த்துக் கழித்துவிடுகிறோம். களையோடு நாற்றையும் பிடுங்குவது மாதிரி. இந்த விமர்சனத்தைச் சில ஆய்வாளர்கள் எழுப்பவும் செய்தார்கள். வீட்டு வசதி சோதனைக்கு முன்பே இருந்தது, இரண்டையும் பாதிக்கக்கூடியது. அதைக் கழிப்பதில் நியாயம் இருக்கிறது. காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் நிற்கும் ஒன்றைக் கழித்தால் வழியையே அடைத்துவிடுகிறோம். எந்த மாறி எந்த இடத்தில் நிற்கிறது என்பது எண்களைப் பார்த்துத் தெரியாது. பிள்ளை வளர்வதைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது அது. ஆகவே "எல்லாவற்றையும் கழித்துப் பார்த்துவிட்டோம்" என்று ஓர் ஆய்வு சொன்னால், கழித்த பட்டியலைத்தான் நான் முதலில் தேடுவேன்.

எத்தனை மாறிகளைச் சேர்த்தாலும் யாரும் அளக்காத ஒன்று வெளியே நின்றுவிடும். அதைப் பிடிக்க வேறு வழி வேண்டும்: நாமே சூழலை மாற்றிப் பார்ப்பது. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் 2013இல் வெளியிட்ட சோதனை அப்படிப்பட்டது. 28 பிள்ளைகளைக் குலுக்கல்முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். மிட்டாய்க்கு முன்பு, படம் வரைய நல்ல வண்ணப் பொருள்களும் ஒட்டுப்படங்களும் கொண்டுவருவதாக எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னார்கள். ஒரு பிரிவுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மற்றப் பிரிவிடம் வெறுங்கையோடு வந்து, வேறு பொருள் இல்லை என்றார்கள். பிறகுதான் மிட்டாய்.

வாக்கு காப்பாற்றப்பட்ட 14 பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்திருந்தார்கள். ஒன்பது பேர் சோதனையின் முழு 15 நிமிடமும் காத்திருந்தார்கள். ஏமாந்த 14 பிள்ளைகளின் சராசரி 3 நிமிடம். அவர்களில் கடைசிவரை காத்திருந்தது ஒரே ஒரு பிள்ளை.