தொழில்நெறிப் பிறழ்வு: வக்கீல் தப்பு செய்தால் அதற்குப் பெயர் என்ன?

வேலூர் சத்துவாச்சாரியில், கோர்ட் வளாகத்துக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஓர் ஆயா வந்தார். மஞ்சள் பையில் இரண்டு ரசீது, ஒரு பழைய நோட்டீஸ், பேரன் எழுதிக் கொடுத்த ஒரு தாள். மல்லாட்டைக் கொல்லைக்குப் போகும் வண்டிப்பாதையைப் பங்காளி மறித்துவிட்டான் என்று போட்ட வழக்கு. ஆறு வருடமாக ஒரே வக்கீல். வேறு வக்கீலிடம் போகலாம் என்று பார்த்தால், மீதி பீஸைக் கட்டினால்தான் கேஸ் கட்டு கைக்கு வரும் என்கிறாராம்.

"கட்டைக் குடுக்க மாட்டேன்றாரு தம்பி. மேலே எழுதிப் போடணும்."

மேலே என்றால் பார் கவுன்சில், வக்கீல்கள்மேல் வரும் புகாரை விசாரிக்கும் மன்றம். எழுதிப் போடுவது என் பிழைப்புதான். ஆனால் 'பொருள்' என்று அடித்துவிட்டுக் கை நின்றுவிட்டது. கோர்ட்டைச் சுற்றியிருக்கும் எல்லோரும் இதற்கு 'புரொபஷனல் மிஸ்காண்டக்ட்' என்பார்கள். ஆயா கைநாட்டு வைக்கப்போகும் தாளில் அதை அப்படியே அடிக்க மனம் வரவில்லை. தமிழில் என்ன போடுவது?

வழக்கமாகக் கண்ணில் படுவது 'தொழில்முறை தவறான நடத்தை'. வார்த்தைக்கு வார்த்தை மாற்றி வைத்தது. நம்மூரில் ஒருவரை 'நடத்தை சரியில்லை' என்றால் கேட்பவர் மனம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'ஒழுக்கக்கேடு' என்றாலும் அதே கதை. கட்டைத் தர மறுத்த ஒருவர்மேல் இல்லாத பழியைப் போட்டதாகிவிடும். 'ஒழுங்கீனம்' பள்ளிக்கூடத்துச் சொல். சட்டையை வெளியே விட்டுக்கொண்டு வரும் பையன் நினைவுக்கு வருகிறான். 'முறைகேடு' நல்ல சொல்தான், ஆனால் செய்தித்தாள்கள் அதைப் பணத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டன. டெண்டர் முறைகேடு, தேர்வு முறைகேடு என்றே படித்துப் பழகியவர்கள், எத்தனை லட்சம் என்றுதான் கேட்பார்கள். 'குற்றம்' போலீஸ் ஸ்டேஷனுக்கு உரியது. 'தவறு' என்றால் சோற்றில் உப்பு கூடினாலும் தவறுதான்.

ஆங்கிலச் சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 'காண்டக்ட்' லத்தீனிலிருந்து வந்தது. கூட்டிச் செல்வது, வழிநடத்திப் போவது என்று பொருள். பஸ் கண்டக்டரை நாம் நடத்துநர் என்று சொல்வது இந்தப் பொருளில்தான். முன்னால் வரும் 'மிஸ்' பிசகாக என்பதைச் சொல்கிறது. 'புரொபஷன்' என்பதற்கு மூலப்பொருள் ஊரறிய உறுதி சொல்வது. சும்மா ஒரு வேலை என்றால் அந்தப் பெயர் வராது. இப்படி இப்படி நடந்துகொள்வேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தவருக்குத்தான் அந்தப் பெயர். சொன்ன வழியில் கூட்டிப் போகாமல் பிசகினார் என்பதே முழுச் சொல்லின் சாரம். அதில் வழி என்ற எண்ணம் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு சொல்வழியும் இருக்கிறது. ஆற்காடு என்றால் இன்று பிரியாணியும் மக்கன் பேடாவும்தான் ஞாபகம் வரும். 18ஆம் நூற்றாண்டில் அது நவாபின் தலைநகர், தர்பார் எழுத்தெல்லாம் பாரசீகம். வக்கீல், வக்காலத்து, ஜாமீன், ஜப்தி, அமீனா, ஆஜர், நகல், ரசீது என்று இன்றைக்கும் என் கடையில் ஒரு நாளைக்கு நூறு தடவை புழங்கும் சொற்கள் அரபியிலும் பாரசீகத்திலும் பிறந்தவை. எல்லாமே ஆற்காடு வழியாகத்தான் தமிழுக்குள் வந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் நமக்குப் பக்கத்திலிருந்த வாசல் அதுதான்.

வக்கீல் என்பது அரபிச் சொல். பொறுப்பை ஒப்படைக்கப்பட்டவர் என்று பொருள். நவாபு காலத்தில் ஓர் அரசனுக்காக இன்னொருவர் தர்பாரில் போய் உட்கார்ந்து பேசும் ஆளும் வக்கீல்தான்; கறுப்புக் கோட்டெல்லாம் பின்னால் வந்தது. ஒப்படைக்கும் செயல் வக்காலத்து. அதனால்தான் யாராவது ஒருவருக்குப் பரிந்து பேசினால், 'நீ என்ன அவனுக்கு வக்காலத்தா?' என்று கேட்கிறோம். தமிழில் பின்னால் உண்டாக்கிய வழக்கறிஞர், வழக்குரைஞர் இரண்டும் அழகான சொற்கள். ஆனால் ஒன்று அறிவைச் சொல்கிறது, மற்றது பேச்சைச் சொல்கிறது. ஒப்படைப்பு இரண்டிலும் இல்லை. கட்சிக்காரருக்கு வலிப்பது அந்த இடத்தில்தான். வக்கீலுக்குச் சட்டம் தெரியவில்லை என்று என் கடையில் யாரும் அழுததில்லை. நம்பிக் கொடுத்தேனே என்றுதான் அழுகிறார்கள்.

சன்னது என்றொரு சொல்லும் உண்டு. அரபியில் சாய்ந்துகொள்ளும் பிடிமானம் என்று பொருள், அப்புறம் ஆதாரப் பத்திரம் என்றானது. வக்கீல் தொழில் செய்யக் கொடுத்த உரிமப் பத்திரத்துக்கு அதுதான் பெயர். 1908-ல் ராஜதுரோக வழக்கில் தண்டனை பெற்ற வ.உ.சி.யின் சன்னது பறிபோனது. பிறகு வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் அது திரும்பக் கிடைக்க, நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். நாட்டுக்குப் போராடியதும் அன்றைய சட்டத்தின் கண்ணில் வக்கீலுக்கு ஆகாத செயல். ஆக, இந்தக் குற்றச்சாட்டு யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். அந்தக் காலத்தில் அது உயர் நீதிமன்றத்தின் கையில் இருந்தது. 1961-ல் வந்த வழக்கறிஞர்கள் சட்டம் அதை வக்கீல்களின் சொந்த மன்றத்திடம் கொடுத்தது. நமக்கு அது தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில்.

அந்தச் சட்டத்தின் 35ஆவது பிரிவுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். 'தொழில்முறையிலோ பிற வகையிலோ' செய்த மிஸ்காண்டக்ட் என்கிறது, ஆனால் மிஸ்காண்டக்ட் என்றால் என்ன என்று எங்கும் வரையறுக்கவில்லை. மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை போடலாம், வக்கீல்கள் பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம். 'பிற வகையில்' என்பது சும்மா ஒட்டிய வால் இல்லை. கோர்ட்டிலேயே எதிராளியைக் கத்தியால் தாக்கிய ஒரு வக்கீலின் பெயரை 1997-ல் உச்ச நீதிமன்றம் பட்டியலிலிருந்து நீக்கியது. கத்திக் குத்து வக்காலத்தில் வராது. ஆனாலும் சட்டத்தின் பிடிக்குள் வந்தது.

எது இதில் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என்னிடம் வரும் புகார்களில் பாதி இந்த ரகம். கேஸ் தோற்றது மிஸ்காண்டக்ட் இல்லை. வெறும் கவனக்குறைவும் இல்லை. உள்ளே ஒரு நேர்மைக்கேடு இருக்க வேண்டும் என்று 1963-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாய்தா மேல் வாய்தா வாங்குவது எரிச்சல்தான், ஆனால் அது மட்டும் போதாது. வாய்தாவுக்கு அரபியில் வாக்குறுதி என்று அர்த்தம் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் கிடைத்துவிட்டது: வக்கீலின் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. என்னைக் கேட்டால் அது கட்சிக்காரர்களுக்கு ஒரு கதவைச் சாத்திய தீர்ப்பு. அதனாலேயே மிச்சமிருக்கும் கதவின் பெயர்ப்பலகையாவது நமக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும் என்கிறேன்.

எது வரும்? 'ஜெயித்தால் இத்தனை பர்சென்ட்' என்று பேசுவது வரும். விபத்து நஷ்டஈட்டு வழக்குகளில் அது சர்வசாதாரணம், ஆனால் பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. வழக்குப் போட்டாயிற்று என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போடாமலே இருப்பது வரும். தமிழ்நாட்டிலிருந்து போன அப்படி ஒரு வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம், பணத்தைத் திருப்பிக் கொடு, இலவச சட்ட உதவி மையத்தில் சம்பளமில்லாமல் வேலை செய் என்று புது மாதிரியாகத் தண்டித்தது. ஆயாவின் விஷயத்துக்கு 2000-ல் வந்த தீர்ப்பே போதும். பீஸ் பாக்கி என்பதற்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை, அப்படி வைத்துக்கொள்வது மிஸ்காண்டக்ட். பாக்கிக்கு வேண்டுமானால் தனியே வழக்குப் போட்டுக்கொள்ளலாம். கட்டு அடகுப் பாத்திரம் கிடையாது.

அரசுத் தரப்பு வக்கீல் கொஞ்சம் வேறு ஜாதி. பி.பி. (பப்ளிக் பிராசிகியூட்டர்), ஏ.பி.பி. (அசிஸ்டென்ட் பப்ளிக் பிராசிகியூட்டர்) என்று சொல்கிறோமே, அவர்கள். கீழ்க் கோர்ட்டில் இருக்கும் ஏ.பி.பி.க்கு அரசாணைத் தமிழில் 'அரசு உதவி வழக்கு நடத்துநர்' என்று பெயர். இங்கேயும் நடத்துநர்தான். இவருக்குக் கட்சிக்காரர் என்று தனி ஆள் கிடையாது. எப்படியாவது தண்டனை வாங்கித் தர வேண்டும் என்ற வெறி அரசு வழக்குரைஞருக்குக் கூடாது என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பார் கவுன்சில் விதி இன்னும் தெளிவு: குற்றமற்றவர் தண்டிக்கப்படாதபடி வழக்கை நடத்த வேண்டும், அவருக்குச் சாதகமான ஆதாரத்தை மறைக்கக் கூடாது. ஆகவே அவர் இரண்டு பக்கமும் பிசகலாம். எதிர்த்தரப்போடு கைகோத்து வழக்கைக் கவிழ்ப்பது ஒன்று; விடுவிக்கும் சாட்சியத்தை மேஜைக்கு அடியில் தள்ளுவது இன்னொன்று. முதலாவதற்கு டெல்லியில் 1999-ல் நடந்த பி.எம்.டபிள்யூ கார் விபத்து வழக்கு உதாரணம். அரசுத் தரப்பின் சிறப்பு வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் ஒரு சாட்சியை வைத்துப் பேரம் பேசியதாக 2007-ல் டி.வி. ரகசியக் கேமராப் பதிவு வந்து, 2008-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இருவரையும் நான்கு மாதம் ஆஜராகக் கூடாது என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அரசு வக்கீலை அவமதிப்புக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆனால் அவர் நடந்துகொண்ட விதத்தைக் கண்டிக்கத் தவறவில்லை. இரண்டாவது வகைப் பிசகலுக்குக் கேமராவும் கிடையாது, புகார் கொடுக்க ஆளும் குறைவு. உள்ளே இருப்பவனுக்கு எது மறைக்கப்பட்டது என்றே தெரியாதே.

பேரம் பேசப்படும் சாட்சி என்றதும்தான் எனக்குச் சொல் அகப்பட்டது. போலீஸிடம் ஒன்று சொல்லிவிட்டுக் கூண்டில் ஏறி மாற்றிச் சொல்பவருக்கு ஏற்கெனவே நம்மிடம் நல்ல பெயர் இருக்கிறது: பிறழ் சாட்சி. தினசரி படிக்கும் எல்லோருக்கும் புரியும். பிறழ்தல் என்றால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து, போக வேண்டிய திசையிலிருந்து மாறுவது. அதில் நடத்தை பற்றிய கிசுகிசு வாடை இல்லை, பண வாடை இல்லை, பள்ளிக்கூட வாடையும் இல்லை. சாட்சி பிறழலாம் என்றால் வக்கீலும் பிறழலாம். எதிலிருந்து? நெறியிலிருந்து. நெறி என்றால் முதலில் வழி, பாதை. ஒழுக்கம் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. லத்தீன்காரன் சொன்ன அதே வழி.

ஆகவே தொழில்நெறிப் பிறழ்வு. நடுவே 'ப்' வரும், விட்டுவிடாதீர்கள். கத்திக் குத்து மாதிரித் தொழிலுக்கு வெளியே நடந்ததைச் சொல்ல வெறும் 'நெறிப்பிறழ்வு' போதும், 'தொழில்' தேவையில்லை. பேச்சில் இது வருமா என்றால், உடனே வராது. டீக்கடையில் 'வக்கீல் விலை போயிட்டார்' என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். மனுவுக்கு ஒரு சொல் வேண்டும், அது இது.

பொருள் வரியை அடித்து முடித்துப் படித்துக் காட்டினேன். "வழக்குக் கட்டைத் திருப்பித் தராத தொழில்நெறிப் பிறழ்வு குறித்துப் புகார்."

"பிறழ்வுன்னா இன்னா தம்பி?"

"வழி மாறிப் போறது, ஆயா."

"பாதைய மறிச்சவன் ஒருத்தன், மாறிப் போனவரு ஒருத்தரு" என்று சொல்லிவிட்டு மைப் பெட்டியில் விரலை வைத்தார். எத்தனை நாளில் முடியும் என்று கேட்டார். ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் அகில இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும் என்று சட்டத்தில் இருப்பதைச் சொன்னேன். இங்கே தீர்ப்பு பிடிக்காவிட்டால் 60 நாளைக்குள் அங்கே மேல்முறையீடு, அதுவும் பிடிக்காவிட்டால் இன்னொரு 60 நாளில் உச்ச நீதிமன்றம்.

ஆயா விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அங்கயும் வாய்தா உண்டா?"

உண்டு என்றேன்.