ஒரே பெட்டியில் இரண்டு சட்டைகள்

"டாக்டர், ரெண்டும் எப்பவும் ஒரே வாரத்துலதான் சட்டை உரிக்கும். இந்தத் தடவை ஒண்ணு மட்டும் உரிச்சிருக்கு. இன்னொண்ணுக்கு ஏதும் சீக்கா?"

கேட்டவர் கீழக்கரை இளைஞர். கொண்டுவந்த துணிப்பைகளில் பந்து போலச் சுருளும் பால் பைத்தான் (ball python) என்ற அயல்நாட்டு மலைப்பாம்புகள் இரண்டு, ஒரே அடையில் பொரித்தவை.

ஒன்றைப் பார்த்து இன்னொன்று சட்டை உரிப்பதில்லை. வயதும் தீனியும் சூடும் ஈரமும் ஒத்துப்போனால் நாளும் ஏறக்குறைய ஒத்துப்போகும், அவ்வளவுதான். வளரும் குட்டி மாதத்துக்கு ஒருமுறை போல உரிக்கும். வளர்ந்ததற்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். அதனால் நாள் பிரிந்தது என்று யாராவது சொன்னால் முதலில் தராசைத்தான் எடுப்பேன். உரித்தது 410 கிராம், உரிக்காதது 260.

நடந்ததை ஊகிப்பது கடினமில்லை. உரிப்பதற்கு முன் பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே நீர் கோத்துக் கண் நீலம் பாரிக்கும். பார்வை மங்கும்; பெரும்பாலும் இரை எடுக்காது. போன தடவை சின்னது அப்படிச் சுருண்டு கிடந்த நாட்களில் பெட்டியில் போட்ட இரண்டு எலிகளையும் பெரியதே விழுங்கியிருக்கிறது. எலி மிச்சமில்லை என்பதால் இரண்டும் தின்றதாக இவர் கணக்கு. தின்னாத குட்டி வளராது, சட்டையும் தள்ளிப்போகும்.

சின்னதன் இரு கண்களிலும் போன சட்டையின் கண்மூடி வேறு அப்படியே ஒட்டியிருந்தது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலும் சட்டையோடு கழன்று வர வேண்டும். நல்ல சட்டை, பனியனைக் கழற்றியது போல உள்பக்கம் வெளியே திரும்பி ஒரே துண்டாக வரும். அதில் கண் வட்டங்கள் இரண்டும் வால் நுனியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாலில் தங்கிய வளையம் இறுகி, ரத்தம் நின்று நுனி செத்துப்போனதுண்டு. இரண்டு பாம்பின் தோலும் கிழிந்து கலந்து கிடந்தால் எது எதனுடையது என்று எனக்கே தெரியாது.

"கடலோரம்தானே, காத்துலயே ஈரம் இருக்குமே?" என்றார். ஜன்னல் திறந்திருந்தால் இருக்கும். பெட்டி இருந்ததோ ஏசி அறையில். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களிலும் நம் பக்கம் மழையில்லாமல் காய்ந்துதான் கிடக்கும். இந்தப் பாம்புக்கு 55 முதல் 65 சதவீத ஈரப்பதம் வேண்டும், உரிக்கும் நாட்களில் 70 வரை போகலாம். ஈரப் பாசி போட்ட மூடிய டப்பா ஒன்று உள்ளே வைத்தால் போதும். (மண்டபம் வலைகளில் சிக்கும் கடல் பாம்புக்கு இந்தக் கவலை இல்லை. உடம்பில் பாசி ஏறுவதால் அது நிலப் பாம்பைவிட அடிக்கடி உரிக்கும்.) கண்மூடியை மட்டும் இடுக்கியால் பிடுங்காதீர்கள். கண்ணே போய்விடும்.

இவர் இந்த இரண்டையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் முறையாகப் பதிவு செய்திருந்தார். சாரை, மண்ணுளி என்று நம்மூர்ப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது வேறு விஷயம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

தனித்தனிப் பெட்டிக்கு மாற்றச் சொன்னேன். "ஒண்ணா வளர்ந்ததுங்க, ஏங்கிப் போயிடாதா?" என்றார். ஏங்காது.

ஆறாவது வாரம் சின்னது உரித்தது. படம் அனுப்பினார். ஒரு கண்மூடி வந்துவிட்டது; மற்றதற்கு அடுத்த சட்டை வரை பொறுத்திருக்கிறோம்.