நொதியின் அடியாழத்தில் ஒரு பூச்செடியின் மூலக்கூறு

வல்லாரைக் கீரையை நாள்தோறும் உண்டால் முதுமையில் மறதி நோய் வராமல் தடுக்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மறதி நோயின் முக்கிய வகையான அல்சைமர் நோயை வல்லாரை தடுக்கும் என்று பெரிய அளவிலான மனிதச் சோதனை எதுவும் நிறுவியதில்லை. ஆனால் தாவரத்தில் பிறந்து, முறையான சோதனைகளைக் கடந்து, இன்று நரம்பியல் மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரை ஒன்று உண்டு. அதன் பெயர் கேலன்டமின்.

காக்கசஸ் மலைப்பகுதியில் பனி விலகும்போதே பூத்துவிடும் ஸ்னோட்ராப் என்ற சிறு வெள்ளைப்பூச் செடியிலிருந்து இதனை 1950களின் தொடக்கத்தில் சோவியத் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். பல்கேரியாவில் இது நிவாலின் என்ற மருந்தாகி, போலியோவால் தளர்ந்த தசைகளுக்குக் கொடுக்கப்பட்டது. அல்சைமர் நோய்க்கு அமெரிக்கா 2001இல் அனுமதி வழங்கியது.

நினைவுக்கு வேண்டிய செய்திகளை நரம்பணுக்களிடையே கடத்தும் வேதிப்பொருள்களுள் அசிட்டைல்கோலின் முக்கியமானது. அல்சைமர் நோயில் அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. சுரந்த சிறிதளவையும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி, நொடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் என்ற வேகத்தில் சிதைத்துவிடுகிறது. இந்த நொதியின் வடிவத்தை, மின்திருக்கை மீனிலிருந்து எடுத்த நொதியின் படிகத்தைக் கொண்டு இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தார் 1991இல் கண்டபோது வெளிப்பட்ட அமைப்பு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. வேலை நடக்கும் இடம் மேற்பரப்பில் இல்லை. ஒடுங்கிய கிணறு போன்ற, சுமார் 2 நானோமீட்டர் ஆழமுள்ள குழியின் அடியில் இருக்கிறது. குழியின் சுவரில் பதினான்கு அமினோ அமிலங்களின் வளையங்கள் வரிசையிட்டு நிற்க, அவற்றின் எலக்ட்ரான் திரள் அசிட்டைல்கோலினின் நேர்மின்னூட்டத்தைப் பற்றி உள்ளே இழுக்கிறது. கேலன்டமின் அதே குழிக்குள் இறங்கி, அதே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நொதியோடு நிலையான பிணைப்பு எதையும் அது ஏற்படுத்திக்கொள்வதில்லை. சற்று நேரத்தில் விலகிவிடும். இடம் அடைபட்டிருக்கும் அந்த நேரத்தில் அசிட்டைல்கோலின் சிதையாமல் தன் செய்தியைக் கொண்டு சேர்த்துவிடுகிறது. நச்சுக்கும் மருந்துக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் இந்த விலகும் தன்மையிலும் அளவிலும்தான் அடங்கியிருக்கிறது. அதனால்தான் நாளொன்றுக்கு 8 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல உயர்த்துகிறார்கள்.

எனினும் இம்மருந்து நரம்பணுக்களின் அழிவை நிறுத்துவதில்லை. அறிகுறிகளைச் சில காலம் தணிக்கிறது, அதுவும் மிதமான அளவில்தான்.

நினைவாற்றலுக்கென்று உலகெங்கும் விற்பனையாகும் கிங்கோ என்ற மரத்தின் இலைச் சாறு சோதனையில் தேறவில்லை. அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 3,069 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, அதனால் மறதி நோய் குறையவில்லை என்று 2008இல் காட்டியது. நம் மூலிகைகளுக்கும் இத்தகைய நெடிய சோதனை தேவை. எலிகளில் கண்ட பலனை விளம்பரமாக்குவதற்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்காவது மனிதச் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அரசு நிதி இல்லாமல் அது நடக்காது, ஏனெனில் காப்புரிமை கிடைக்காத இலைக்குத் தனியார் முதலீடு எளிதில் வருவதில்லை.

வீட்டுப் பெரியவருக்கு மறதி தென்பட்டால், சாறும் லேகியமும் தேடி மாதங்களைக் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைபாடும் பி12 குறைபாடும்கூட மறதியைத் தரும். இவை சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பலருக்கு அவற்றுக்கான மருந்திலேயே நினைவு தெளிவதும் உண்டு.