அசதி வந்தால் கொழுப்பு கரைகிறது என்று யார் சொன்னது?

போன திங்கட்கிழமை காலை ஏழு மணி இருக்கும். ஆட்டோவிலிருந்து ஒருவரைக் கைத்தாங்கலாகக் கொண்டு வந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய வயது. மழையில் நனைந்தவர் மாதிரி சட்டை முழுக்க வியர்வை. பெயரைக் கேட்டால் வாய் குழறுகிறது. காலில் புத்தம் புது ஷூ, அடியில் விலைச் சீட்டைக்கூட இன்னும் பிய்க்கவில்லை. கூட வந்த வாக்கிங் நண்பர்கள் இருவரும் "ஹார்ட் அட்டாக்கா டாக்டரம்மா?" என்று பதறினார்கள். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை வெறும் 44. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் கண்ணைத் திறந்தவர் சொன்ன முதல் வார்த்தை: "இன்னும் ரெண்டு ரவுண்டு பாக்கி."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள்.

பின்னாலேயே ஓடி வந்த அவர் மனைவி சொன்னார்: "நாலு நாளா அசதியா இருக்கு, கை நடுங்குதுன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. அந்த டயட் குரூப்புல கேட்டதுக்கு, கொழுப்பு கரையுது, அப்படித்தான் இருக்கும், விட்றாதீங்கன்னாங்களாம்."

அந்த 'அப்படித்தான் இருக்கும்' ஒன்றுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கொழுப்பு கரைவதற்கும் கை நடுங்குவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொழுப்பு வாணலியில் நெய் உருகுவது போல உருகி வியர்வையாக வடிவதில்லை. உடம்பு ஒரு கிலோ கொழுப்பை எரித்தால் அதில் சுமார் 840 கிராம் கரியமில வாயுவாக மூச்சில் போய்விடுகிறது, மிச்சம் தண்ணீராகிறது. நீங்கள் தூங்கும்போதும் இது நடக்கிறது. வலிக்காது, நடுங்காது, கண்ணை இருட்டாது. 'உள்ளே சேர்ந்த கழிவு வெளியேறுது, அதான் அசதி' என்பது இன்னொரு கதை. கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பிறந்த நாள் முதல் செய்துகொண்டிருக்கின்றன. நீங்கள் பரோட்டா சாப்பிட்ட அன்றைக்கும் செய்தன. டயட் தொடங்கிய பிறகுதான் அவை விழித்துக்கொண்டன என்பதெல்லாம் சும்மா.

'முதல் வாரத்திலேயே மூணு கிலோ குறைஞ்சிருச்சே' என்பார்கள். அது பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து அரைக்கிலோ அளவு இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் இந்த இருப்பு காலியாகும், அதோடு தண்ணீரும் போகும். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் சேர்த்து வெளியே தள்ளும். எழுந்து நின்றால் தலை கிறுகிறுப்பதும், ராத்திரியில் ஆடுசதை இழுத்துக்கொள்வதும் இதனால்தான். இந்த நிலையில் ஒருவர் காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் ஆறு கிலோமீட்டர் நடக்கப் போகிறார். மயங்கி விழாவிட்டால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

சரி, புதிதாகத் தொடங்கினால் அசதியே வரக்கூடாதா? வரும். முதல் ஒரு வாரம், பத்து நாள் உடம்பு கொஞ்சம் முனகும். உடற்பயிற்சி செய்த இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தொடையும் தோளும் கெஞ்சும். நன்றாகத் தூங்கி எழுந்தால் குறையும், நாளுக்கு நாள் லேசாகும். அது நியாயமான அசதி. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவதும், தூங்கி எழுந்தும் தீராததும் வேறு. ஜிம்மில் முதல் நாளே நூறு தண்டால் எடுத்துவிட்டு, மூன்றாம் நாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று வீட்டில் உட்காராதீர்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அறிகுறி அது. அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இனி மாத்திரை விஷயம். திங்கட்கிழமை வந்தவர் சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு என்ற மாத்திரை போடுபவர். அந்த மாத்திரைக்கு நீங்கள் டயட்டில் இருப்பது தெரியாது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். முந்தின ராத்திரி வெறும் சுரைக்காய்க் கூட்டு. காலையில் வழக்கம்போல மாத்திரை, மேலே ஒரு மணி நேர நடை. சர்க்கரை 44-க்கு இறங்காமல் என்ன செய்யும்? மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் போடுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. இன்சுலின் போடுபவர்களுக்கு அதிகம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் வேறொரு ஆபத்து: ரத்தத்தில் அமிலம் ஏறும், ஆனால் சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது. அசதியோடு குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் வந்தால், 'குளுக்கோமீட்டர்ல 170தான் காட்டுது' என்று நிம்மதியாக இருக்க வேண்டாம்.

பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். எடை குறையக் குறைய பழைய அளவு அதிகமாகிவிடும். அவற்றில் சில, நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் மறைத்துவிடும். அப்போது சர்க்கரை இறங்குவதற்கு வியர்வைதான் முக்கிய அடையாளமாக மிஞ்சும். (இதை நோயாளிகளிடம் சொல்ல நாங்களே பல நேரம் மறந்துவிடுகிறோம். வெளியே நாற்பது பேர் காத்திருப்பதெல்லாம் ஒரு சாக்குதான், ஒத்துக்கொள்கிறேன்.)

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் திரும்பவும் குடியுங்கள், அப்புறம் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். கிளிமிபிரைடு போட்டவர் தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்கும் கூட்டிப் போகாதீர்கள். மதியம், ராத்திரி என்று மறுபடி மறுபடி இறங்கும். "அதான் எந்திரிச்சுட்டாரே, எதுக்கு அட்மிஷன்?" என்று திங்கட்கிழமையும் என்னிடம் சண்டை நடந்தது.

நோயே இல்லாத சின்ன வயதுக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இருபத்து நான்கு வயதுப் பெண், கல்யாணத்துக்கு முன்னால் எட்டு கிலோ குறைக்க வேண்டுமாம். ஒரு நாள் முழுக்க வெள்ளரிக்காய், பப்பாளி, கிரீன் டீ. 'மாடி ஏறினா மூச்சு வாங்குது, ஸ்டாமினா இல்ல' என்று ஜிம்மில் சொன்னதற்குப் புரத மாவு டப்பாவை விற்றிருக்கிறார்கள். கண் இமையை இழுத்துப் பார்த்தேன், காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 7.8. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21-இன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது உங்கள் ஜிம்மில் டிரெட்மில்லில் ஓடும் பெண்களில் பாதிப்பேருக்கு அது இருக்கலாம். தயவுசெய்து, தாய்மார்களே, ஜிம்முக்கு ஒரு வருடக் கட்டணம் கட்டும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, முடிந்தால் வைட்டமின் பி12. சுத்த சைவம் என்றாலோ பல வருடமாக மெட்ஃபார்மின் போட்டாலோ பி12 கட்டாயம்.

அப்புறம், உணவையும் உடற்பயிற்சியையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் தட்டை மட்டும் கவனியுங்கள். சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காய், பருப்பு, முட்டை, மீன் வையுங்கள். சோற்றைத் துரத்த வேண்டியதில்லை. நடை பத்து நிமிடத்தில் தொடங்கட்டும், வாரம் ஐந்து நிமிடம் கூட்டினால் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் நாளே அங்கே நிற்க வேண்டியதில்லை. நடந்துகொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம். வெயில் நாளில் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. பிரஷர், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்டுவிட்டுக் குடியுங்கள். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு நாலரைக்கு எழுந்து நடப்பதில் புண்ணியம் இல்லை.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சு வாங்கல் வந்து, நின்றால் குறைகிறதா? அது வெறும் வாயுத் தொல்லை இல்லை, இதயக் கோளாறாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் அசதியும் வியர்வையுமாக மாரடைப்பு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை வந்தவருக்கும் அதனால்தான் ஈசிஜியும் எடுத்தோம். நண்பர்கள் பயந்ததில் தப்பே இல்லை.

அவருக்கு மாத்திரையைப் பாதியாக்கி, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு நடக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு அவர் மனைவிக்கு. நீங்களும் டயட் தொடங்குவதற்கு முன்னால் ஒருமுறை உங்கள் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது மாத்திரை அட்டைகளை எடுத்துப் போங்கள். "வெள்ளையா, சின்னதா, ரவுண்டா இருக்கும் டாக்டரம்மா" என்றால் எங்களுக்குத் தெரியாது. பாதி மாத்திரைகள் அப்படித்தான் இருக்கின்றன.