வக்ஃபு: முதல் நிற்கும், விளைச்சல் போகும்

சவூதி அரேபியாவின் கஸீம் பகுதியில் ஒரு பேரீச்சந்தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 2 லட்சம் மரங்கள். கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்ற தோட்டம். அதை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கவும் முடியாது. ஏனென்றால் அது வக்ஃபு.

வ, க, ஃப என்ற மூன்று எழுத்துகள் இந்த அரபுச் சொல்லின் வேர். பொருள்: நிற்றல், நிறுத்துதல். ஹஜ்ஜின்போது அரஃபாத் சமவெளியில் தங்கி நிற்பதை ‘வுகூஃப்’ என்பார்கள். அதுவும் இதே வேர்தான். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் வண்டி நிறுத்துமிடத்தில் ‘மவ்கிஃப்’ என்ற பலகையைத் தினமும் பார்த்திருப்பார்கள். அதே குடும்பம். பன்மை ‘அவ்காஃப்’. மொரோக்கோ பக்கம் இதையே ‘ஹுபுஸ்’ என்கிறார்கள். அதற்குத் தடுத்து வைத்தல் என்று பொருள். அரேபியாவில் உள்ள கைபரில் தனக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று நபித்தோழர் உமர் கேட்டபோது, முதலாகிய நிலத்தை நிறுத்தி வைத்து அதன் பலனைத் தருமம் செய்யும்படி நபிகள் சொன்னதாக ஹதீஸ் (நபிமொழி) கூறுகிறது. வக்ஃபின் இலக்கணமே அதுதான்.

சரி, அந்தத் தோட்டத்தை எழுதி வைத்தவர் யார்? சுலைமான் அல் ராஜிஹி. இன்று அரபுலகின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் ஒன்றாக அல் ராஜிஹி குடும்பத்தைச் சொல்கிறார்கள். ஆனால் கஸீமில் உள்ள புகைரிய்யாவில் பிறந்த சுலைமானின் இளமை வறுமையில் கழிந்தது. சுமை தூக்கினார், சமையல்காரராக வேலை செய்தார். பிறகு அண்ணன் சாலிஹுடன் நாணயமாற்றுத் தொழிலில் இறங்கினார். சகோதரர்கள் நால்வரும் சேர்ந்து வளர்த்த அந்தத் தொழில்தான் அல் ராஜிஹி வங்கியானது. வங்கி தன் தொடக்க ஆண்டாகச் சொல்வது 1957. இன்று அது உலகின் மிகப்பெரிய இஸ்லாமிய வங்கிகளில் ஒன்று. கோழிப்பண்ணை, விவசாயம் என்று வேறு தொழில்களும் உண்டு.

இவ்வளவும் சேர்த்தபின், உயிரோடு இருக்கும்போதே சொத்தில் ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். மீதியை வக்ஃபு ஆக்கினார். தனக்கென்று உடுத்திய உடைதான் மிச்சம் என்று ஒரு பேட்டியில் சொன்னார். 2012இல் இஸ்லாமியச் சேவைக்கான மன்னர் ஃபைசல் பரிசு அவருக்குக் கிடைத்தது. புகைரிய்யாவில் அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது.

அவர் செய்த வக்ஃபைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘தானம்’ என்று மொழிபெயர்த்தால் பாதிப் பொருள் போய்விடும். தானம் கை மாறும். வாங்கியவர் அதை விற்கலாம், தின்று தீர்க்கலாம். அது ‘ஸதகா’வுக்கு, அதாவது சாதாரண தருமத்துக்குப் பொருந்தும். ‘அறக்கட்டளை’ பரவாயில்லை, ஆனால் இன்றைக்கு அது பதிவு செய்த ஒரு நிறுவனத்தைத்தான் நினைவூட்டுகிறது. கோயிலுக்கு எழுதி வைக்கும் கொடையைக் குறிக்கும் ‘நிவந்தம்’ நெருங்கி வருகிறது; ஆனால் கோயில் கல்வெட்டுகளுக்கு வெளியே அதை யார் பேசுகிறார்கள்?

கருத்து மட்டும் நமக்குப் பழையதுதான். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நுந்தா விளக்குக்கு (அணையா விளக்கு) 96 ஆடுகள் விடுவார்கள். ஆடுகள் குட்டி போட்டுப் பெருக, மந்தை குறையாமல் நிற்கும். நெய் மட்டும் விளக்குக்குப் போகும். அவற்றுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடு! சமயம் வேறு, சட்டம் வேறு, ஆனால் கணக்கு அதே கணக்கு. பேச்சில் ‘முதலில் கை வைக்காதே’ என்கிறோமே, அதுவும் இதுதான்.

நில் என்பதிலிருந்து நிலை வருவதால், நான் ‘நிலைக்கொடை’ என்பேன். அரபு வேரோடும் ஒத்துப்போகிறது. சட்டப் பொருளில் எழுதும்போது மட்டும் வக்ஃபு என்றே விட்டுவிடலாம். பேச்சில் ‘வக்பு’ என்று வந்தாலும் பிழையில்லை. அதை நிர்வகிப்பவர் முத்தவல்லி. அப்படிச் சொன்னாலே பள்ளிவாசல் உள்ள ஊரில் எல்லாருக்கும் புரியும். அதற்குத் தனியாகத் தமிழ்ச்சொல் தேட வேண்டியதில்லை.